கீபோர்டு வாசிக்கிற தம்பி வராத ஞாயிறு

சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு மேல் ஒரு சின்னச் சபையின் போதகருக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகளில் அதிகமாக வயிற்றைக் கலக்குவது இதுதான்: “பாஸ்டர், நாளைக்கு டபுள் ஷிப்ட் போட்டுட்டாங்க. வாசிக்க வர முடியாது.”

அனுப்பியவர் அந்தச் சபையின் ஒரே கீபோர்டு வாசிப்பாளர். கிட்டார் வாசித்த அண்ணன் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். டிரம்ஸ் தட்டிய பையன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறான். பாடல் நடத்தும் அக்காவுக்கு நல்ல குரல். ஆனால் சுருதி பிடித்துக் கொடுக்க ஆள் இல்லாவிட்டால் முதல் பாட்டிலேயே தடுமாறிவிடுவார். மறுநாள் காலை ஒன்பதரைக்கு ஐந்து பாடல்கள் காத்திருக்கின்றன.

செலண்டார், மச்சாப், பாத்தாங் மலாக்கா வட்டாரத்துச் சிறு தமிழ்ச் சபைகளை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கடைவீட்டு மேல்மாடியிலோ, தாமான் வீட்டு முன்கூடத்திலோ இருபது, முப்பது பேர் கூடுகிற சபைகள். கோயில் பஜனைக் குழு நடத்துகிறவர்களும் தொடர்ந்து படிக்கலாம். ஆர்மோனியக்காரர் ஜொகூருக்கு மாறிப் போனதிலிருந்து பஜனையே நின்றுபோன கதை அவர்களிடமும் இருக்கும்.

ஆள் ஏன் இல்லை என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் 1896-இல் இதே மலாக்கா மாநிலத்தில், புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் போட்டதுதான். அந்த ரப்பரை நம்பித்தான் நம் தாத்தா பாட்டிகள் கப்பலேறி வந்தார்கள். பால் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. பிள்ளைகள் பத்து பெரெண்டாம் தொழிற்சாலைகளுக்கும், கிள்ளான் பள்ளத்தாக்குக்கும், சிங்கப்பூருக்கும் போனார்கள். ஊரில் மிச்சம் இருப்பவர்கள் பெரியவர்களும் பள்ளிப் பிள்ளைகளும்தான். வாத்தியம் வாசிக்கிற வயதுக்காரர்களைத்தான் காணவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியர்களில் கிறிஸ்தவர்கள் 6 விழுக்காடு. அந்த ஆறையும் கத்தோலிக்கர், மெதடிஸ்ட், லூத்தரன், ஆங்கிலிக்கன், பெந்தெகொஸ்தே என்று பங்கு போடுங்கள். அதற்குப் பிறகு ஒரு சிறு பட்டணத்தில் ஒரு சபைக்கு எத்தனை குடும்பம் மிஞ்சும்? அந்தக் குடும்பங்களில் எத்தனை பேருக்குக் கீபோர்டு தெரியும்?

ஆள் இல்லாத இடத்தை இப்போது நிரப்புவது மடிக்கணினி.

சில மாதங்களுக்கு முன் உறவினர் ஒருவர் அழைத்ததால் செலண்டார் பக்கத்தில் ஒரு வீட்டுச் சபையில் உட்கார்ந்திருந்தேன். இருபத்து நான்கு பேர். மூலையில் ஒரு கீபோர்டு, தூசி படாமல் பூப்போட்ட துணி போர்த்தி இருந்தது. யூடியூபில் இசைத் தடத்தைப் போட்டார்கள். முதலில் வந்தது ஷாம்பு விளம்பரம். எல்லாரும் கண்ணை மூடி நின்றதால் யாரும் சிரிக்கவில்லை. பிறகு பாடல் தொடங்கியது. சென்னையில் நல்ல ஸ்டூடியோவில், நல்ல பாடகர் ஒருவர் தன் குரலுக்கு ஏற்ற சுருதியில் பதிவு செய்திருந்த பாடலின் தடம். முதல் சரணத்தில் எல்லாரும் முயன்றார்கள். இரண்டாவதில் ஆண்கள் நின்றுவிட்டார்கள். மூன்றாவதில் அக்கா மட்டும் பாடினார். இருபத்து மூன்று பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வானொலியில் வேலை பார்க்கிறவள் என்பதால் எனக்கு இது நன்றாகத் தெரியும். பதிவு செய்த பாடல் கேட்பதற்காகச் செய்யப்படுவது. அதில் இடையிசை நீளமாக இருக்கும், அடுத்த வரி எங்கே தொடங்குகிறது என்பது பாடகருக்குத்தான் தெரியும். மூச்சு வாங்குகிற பாட்டிக்காக அது ஒரு நொடி காத்திருக்காது. சபை பல்லவியை இன்னொரு முறை பாட விரும்பினால் அதற்கும் வழியில்லை.

காணிக்கை எடுத்த பிறகுதான் அந்தக் காலையின் நல்ல நேரம் வந்தது. ஓரத்தில் நாற்காலியில் இருந்த ஒரு பாட்டி, யாரும் கேட்காமலேயே, கையைத் தட்டிக்கொண்டு ஒரு பழைய கீர்த்தனையை எடுத்தார். இரண்டாவது முறை பல்லவி வருவதற்குள் வீடே பாடியது. ஃபோன் நோண்டிக்கொண்டிருந்த பையன்கள்கூடத் தாளம் போட்டார்கள்.

பிறகு தேநீர் குடிக்கும்போது அவரிடம் கேட்டேன், “பாட்டி, இந்த ராகம் எங்க கத்துக்கிட்டீங்க?”

“எங்கப்பா மரம் வெட்டப் போறப்ப பாடுவாரும்மா. புக்குல வார்த்தை மட்டும்தானே இருக்கு. ராகம் வாயிலதான் இருக்கு.”

அவர் சொன்னது சரி. கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். தலைப்புக்குக் கீழே ராகம், தாளத்தின் பெயர் இருக்கும். மெட்டுக்கான சுரக்குறிப்பு இருக்காது. வாத்தியக்காரர் பஞ்சம் என்று நாம் பேசிக்கொண்டிருக்கும்போது, உள்ளுக்குள் வேறு ஒன்றும் போய்க்கொண்டிருக்கிறது. வாசிக்க ஆள் இல்லாத சபை, தடம் எளிதாகக் கிடைக்கிற பாட்டுக்கு மாறுகிறது. எளிதாகக் கிடைப்பது பெரும்பாலும் ஆங்கிலப் பாட்டு, அல்லது சென்ற வருடம் வந்த தமிழ்ப் பாட்டு. தோட்டத்தில் மூன்று தலைமுறை பாடிய கீர்த்தனைக்குத் தடம் கிடைத்தாலும் மெட்டு வேறாக இருக்கும். இரண்டு வருடம் பாடாவிட்டால் பிள்ளைகளுக்கு அது இருந்ததே தெரியாது. தமிழ்ப்பள்ளிக்குப் போகாத பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுதான் வாரத்தில் வாய்விட்டுச் சொல்கிற தமிழ். அதுவும் போனால் என்ன மிஞ்சும் என்று யோசித்தால் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

வாத்தியம் இல்லாமல் பாடியவர்கள்

கீபோர்டு, கிட்டார், பேஸ், டிரம்ஸ், மூன்று பாடகர்கள் இருந்தால்தான் ஆராதனைக் குழு என்ற எண்ணம் நமக்குப் பெரிய சபைகளின் காணொளிகளைப் பார்த்து வந்தது. கிறிஸ்தவப் பாட்டின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

லண்டனில் 1861-இல் திறக்கப்பட்ட மெட்ரோபாலிட்டன் டாபர்னக்கிளில் போதகர் சார்ல்ஸ் ஸ்பர்ஜன் காலத்தில் ஆர்கன் கிடையாது. ஆயிரக்கணக்கானவர்கள் கூடிய இடம் அது. முன்னால் ஒருவர் நின்று பாடலை எடுத்துக் கொடுப்பார், கூட்டம் பாடும். ஸ்காட்லாந்தின் ஃப்ரீ சர்ச் என்ற திருச்சபை 2010-இல்தான் ஆராதனையில் வாத்தியங்களுக்கு அனுமதி கொடுத்தது. அதுவரை அவர்கள் சங்கீதங்களை வெறும் குரலில் பாடினார்கள். அவர்களிடம் வாத்தியம் வாங்கக் காசு இல்லாமல் இல்லை.

நம் பக்கம் வருவோம். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்த மிஷனரிகளும் ஜெர்மன் மெட்டுகளுக்குத் தமிழ் வார்த்தை போட்டுப் பாட வைத்தார்கள். ஞானப்பாட்டு, பாமாலை என்று அது இன்றும் இருக்கிறது. அந்த மெட்டுகளுக்கு ஆர்கன் துணை இருந்தால் நன்றாக இருக்கும். இன்னொரு பக்கம் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் நம் ராகத்தில், நம் தாளத்தில் கீர்த்தனைகள் எழுதினார்கள். அவற்றைத் திரட்டி அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-இல் புத்தகமாக்கினார். இந்தக் கீர்த்தனையின் அமைப்பைக் கவனியுங்கள். பல்லவி திரும்பத் திரும்ப வருகிறது. சரணத்தை ஒருவர் பாடினால் போதும், பல்லவியில் மற்றவர்கள் சேர்ந்துகொள்ளலாம். எழுத்துத் தெரியாதவரும் இரண்டாவது சுற்றில் உள்ளே வந்துவிடுவார். கையில் ஒரு ஜால்ரா இருந்தால் கச்சேரியே நடக்கும். ஆள் குறைந்த சபைக்காகவே அளவெடுத்துத் தைத்த சட்டை போல இருக்கிறது. அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, பெரிய சபையின் சட்டையைப் போட்டுக்கொண்டு தொளதொளவென்று இருக்கிறதே என்று வருத்தப்படுகிறோம்.

இதை யோசித்துச் செய்தவர் ஒருவர் நம் காலத்திலேயே இருந்தார். மதுரையிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு (1940–2005). மாணவர்களுக்கு அவர் ‘பரட்டை அண்ணன்’. கர்நாடகக் கீர்த்தனையும் சரி, மேற்கத்தியப் பாமாலையும் சரி, படித்தவர்களுக்கும் வசதி உள்ளவர்களுக்கும்தான் கைகொடுக்கிறது என்று அவர் நினைத்தார். கிராமத்தில் வயல் வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்த நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டுப் பாடல்கள் செய்தார். விலை கொடுத்து வாங்கும் வாத்தியமும் வாத்தியாரும் இல்லாமல், ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் கற்றுக்கொள்ளக்கூடிய பாட்டாக இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். அவரைப் பற்றி அமெரிக்க இசை ஆய்வாளர் ஸோயி ஷெரினியன் எழுதிய ஆங்கிலப் புத்தகம் 2014-இல் வந்தது. கீர்த்தனை விஷயத்தில் நான் அப்பாவுவோடு முழுதாக ஒத்துப்போகவில்லை. நம் தோட்டங்களில் கீர்த்தனையும் மரம் வெட்டுகிறவரின் வாய்ப்பாட்டாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது யாரை நினைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அவர் கேட்ட கேள்வி செலண்டாருக்கும் பொருந்தும்.

“கைத்தட்டிப் பாடினால் இளையவர்கள் வருவார்களா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இளையவர்களுக்கு டிரம்ஸ் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் அவர்கள் காரில் வரும்போதே நல்ல இசைக்குழுவைக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். அதன் மங்கலான நகலை நாம் சபையில் கொடுத்தால் ஒப்பிடத்தான் செய்வார்கள். அவர்களையே தாளம் போட வைத்தால் ஒப்பிட நேரம் இருக்காது.

எத்தனை கட்டை?

சரி, நாளைக் காலைக்கு என்ன செய்வது?

முதல் வேலை சுருதி. எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் பாட வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது “எத்தனை கட்டை?” என்பதுதான். சபையில் இதை யாரும் கேட்பதில்லை. காலையில் எழுந்து பிள்ளைகளைக் கிளப்பிக்கொண்டு வந்த சாதாரணக் குரலுக்கு எல்லை உண்டு. கீபோர்டின் நடு ‘சி’யிலிருந்து எண்ணினால் ஒன்பதாவது வெள்ளைக் கட்டை ‘டி’. பாட்டின் உச்சம் அதைத் தாண்டினால் பெண்களில் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். ஆண்கள் அதே பாட்டை ஒரு ஸ்தாயி கீழே பாடுகிறார்கள், அவர்களுக்கும் அதே இடத்தில்தான் திணறல். ஆகவே மேலே போகும் வரியை முதலில் பாடிப் பாருங்கள். அது வசதியாக வரும்வரை சுருதியை இறக்குங்கள். சுருதியைப் பிடித்துக்கொடுக்க ஆள் வேண்டாம், ஃபோனில் இலவசமாகவே தம்புரா செயலிகள் கிடைக்கின்றன. ஒலிபெருக்கியில் இணைத்து மெதுவாக ஓடவிட்டால் பாடல் நடத்தும் அக்காவின் தடுமாற்றத்தில் பாதி அங்கேயே தீரும்.

இரண்டாவது, பாடல் எண்ணிக்கை. ஆள் குறைந்த சபை வாரா வாரம் புதுப் பாட்டு அறிமுகம் செய்வது வீண் வேலை. எல்லாருக்கும் தெரிந்த முப்பது பாட்டை எழுதி வையுங்கள். அதற்குள்ளேயே மாற்றி மாற்றிப் பாடுங்கள். புதுப் பாட்டு எப்போதாவது ஒன்று போதும்.

தாளத்துக்குக் கஞ்சிரா, டம்போரின் எதுவானாலும் சரி, ஒன்று போதும். இப்போது எல்லா இசைக்கடையிலும் கிடைக்கிற கஹோன் என்ற மரப்பெட்டி நல்ல தேர்வு. அதன் மேலேயே உட்கார்ந்து தட்டலாம். பெருவில் அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்கள் சரக்குப் பெட்டிகளைத் தட்டி உருவாக்கிய வாத்தியம் அது. பிஸ்கட் டின்னில் தாளம் போட்டு வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விளக்கம் தேவைப்படாது.

கீபோர்டுக்கு வருகிறேன். துணி போர்த்திய அந்தக் கீபோர்டுக்கு.

இந்த நாட்டில் உறுமி மேளக் குழுக்களுக்கு ஆள் பஞ்சம் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? எங்கள் தாமானிலேயே உண்டு. மாலையானால் பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்க முடியாது, அது வேறு விஷயம். அங்கே எப்படி ஆள் உருவாகிறார்கள் என்று கவனித்தேன். அண்ணன் தம்பிக்குச் சொல்லிக் கொடுக்கிறான். பத்து வயதுப் பையன் வந்து நின்றால் கையில் ஒன்றைக் கொடுத்து “அடிடா” என்கிறார்கள். தப்பாக அடித்தால் தலையில் ஒரு தட்டு, அவ்வளவுதான். திருவிழாவுக்கு அவனும் கூடப் போவான். சான்றிதழ், கிரேடு எதுவும் கேட்பதில்லை. நம் சபையிலோ பையன் கீபோர்டு பக்கம் போனாலே “தொடாதே, கெட்டுப்போயிடும்” என்கிறோம். பிறகு பதினைந்து வருடம் கழித்து வாசிக்க ஆள் இல்லை என்று ஜெபக் குறிப்பில் எழுதுகிறோம்.

இன்றைய தானியங்கித் தாளக் கீபோர்டுகளில் இடது கையால் கார்டு பிடித்தால் தாளமும் பேஸும் தானாக வரும். பல எளிய பாடல்களுக்கு மூன்று, நான்கு கார்டு போதும். சுருதி மாற்ற ‘டிரான்ஸ்போஸ்’ பொத்தான் இருக்கிறது. பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரே ஒரு பாட்டைக் கற்றுக்கொண்டு, மாதத்தில் ஒரு ஞாயிறு அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் வாசிக்கட்டும். சபை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும். ஒலிபெருக்கிக்கும் மிக்ஸருக்கும் ஆயிரக்கணக்கில் வெள்ளி செலவழிக்கிற சபைகள் ஒரு பிள்ளையின் இசை வகுப்புக்குப் பாதிக் கட்டணம் கொடுக்க யோசிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்கு எனக்குப் புரிவதில்லை.

இருக்கிற ஒருவர்

வாசிக்க ஒரே ஒருவர் இருந்தால் அவர் நிலைமை இன்னும் மோசம். அவருக்குக் காய்ச்சல் வரக்கூடாது. உறவினர் கல்யாணத்துக்குப் போகக்கூடாது. வெள்ளிக்கிழமை இளையோர் கூட்டம், சனிக்கிழமை ஒத்திகை, ஞாயிறு ஆராதனை, நடுவில் யாராவது இறந்தால் அங்கேயும் அவர்தான். ஷிப்ட் முடிந்து நேராக வந்தவரிடம் “போன வாரம் அந்தப் பாட்டு கொஞ்சம் வேகமாப் போச்சு தம்பி” என்று சொல்ல மட்டும் நாலு பேர் இருப்பார்கள். பெட்ரோலுக்குக் காசு வேண்டுமா என்று கேட்க ஆள் இருக்காது. இப்படிப்பட்டவர்கள் ஒருநாள் திடீரென்று நின்றுவிடுகிறார்கள். எல்லாரும் ‘ஆர்வம் குறைந்துவிட்டது’ என்கிறார்கள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு வாத்தியமே இல்லாமல் ஆராதனை என்று முன்கூட்டியே வைத்துவிடுங்கள். அன்று அவரும் மனைவி, பிள்ளைகளோடு உட்கார்ந்து பாடட்டும். அவர் திடீரென்று வராமல் போகும் ஞாயிறும் அதற்குப் பிறகு யாருக்கும் பயமாக இருக்காது, சபைக்குப் பழகியிருக்கும்.

ஊரைவிட்டுப் போனவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கிற கிட்டார் அண்ணன், கோலாலம்பூரில் இருக்கிற கீபோர்டு தங்கை, உங்களைத்தான் சொல்கிறேன். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது வீட்டிலிருந்தே வாசித்துப் பதிவு செய்து அனுப்பினீர்களே, அந்தப் பழக்கம் கையில் இருக்கிறது. உங்கள் ஊர்ச் சபை பாடுகிற முப்பது பாட்டை, அவர்கள் சுருதியில், அவர்கள் வேகத்தில் வாசித்து அனுப்புங்கள். முன்னிசை நான்கு தாளம் போதும், நீண்ட இடையிசை வேண்டாம். பல்லவியை எத்தனை முறை பாடுவார்கள் என்று அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தடமும் காத்திருக்காதுதான். ஆனால் அந்தப் பாட்டி எங்கே மூச்சு வாங்குவார் என்று தெரிந்தவர் வாசித்த தடம் அது. நடுவில் ஷாம்பு விளம்பரமும் வராது.

கடைசியாக, இதற்கு இசை தெரிந்தவர்கள்கூட வேண்டாம். உங்கள் சபையில் எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் ஃபோனை எடுத்துக்கொண்டு போங்கள். அடுத்த கூட்டத்தில் பேசி முடிவெடுக்கலாம் என்று தள்ளாமல் இந்த வாரமே போங்கள். காற்றாடியை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பதிவில் அதுதான் முதலில் கேட்கும். ஃபோனைக் கையில் பிடிக்காமல் மேசையில், அவர் வாயிலிருந்து ஒரு முழத் தூரத்தில், மடித்த துண்டின் மேல் வையுங்கள். பாட்டின் முதல் வரியையும், யாரிடம் கற்றார், எந்தத் தோட்டம் என்பதையும் அவரையே சொல்லச் சொல்லுங்கள். பிறகு பாடட்டும். குரல் உடைந்தால் பரவாயில்லை, மெட்டு இருந்தால் போதும். இரண்டு சரணம் மறந்துபோனாலும் பரவாயில்லை, அது புத்தகத்தில் இருக்கும். பாடி முடித்த உடனே நிறுத்தாதீர்கள். ஓடட்டும். பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் “இன்னொண்ணு இருக்கும்மா, இப்பத்தான் ஞாபகம் வருது” என்பார்கள்.